நிழல் மறைந்தால் மருந்து வென்றதா?

தேவாரத்து வயலொன்றில் மருந்தடித்ததும் பூச்சி குறைகிறது. அடிக்காத பக்கத்து வயலிலும் குறைந்திருந்தால், வாசகரே, மருந்தை மெச்சுவீர்களா? 1980-களில் நம் நாட்டு மருத்துவர் பலர் மெச்சினர். வலிப்பு நோயாளியின் சி.டி. படத்தில் மூளையில் சிறு கட்டி தெரிந்தால் காசநோய் எனக் கருதி, கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்துகளை மாதக்கணக்கில் கொடுத்தனர். அடுத்த படத்தில் கட்டி மறைந்ததும், காசநோயே என்று முடிவுகட்டினர்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ராஜசேகர் குழுவினர் திசு எடுத்துச் சோதித்தபோது, இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவத்தால் ஏற்பட்டவை என்று தெரிந்தது. அவை காசநோய் மருந்தின்றியே மறையக்கூடியவை! 1993-ல் அக்குழுவினர், கட்டி 20 மில்லிமீட்டருக்கு மேற்படாமை முதலிய படக் குறிகளோடு நோயாளியின் உடற்குறிகளையும் சேர்த்து அளவுகோல் வகுத்தனர்.

படத்தில் பிழையில்லை, முடிவில்தான் பிழை. மாற்றத்தைப் படம் காட்டும். காரணத்தை ஒப்பீடே காட்டும்.