ஆண்மைக்கு என்ன ஆபத்து?

செஞ்சியின் இராஜகிரியை அண்ணாந்து நோக்கும் ஆடவர், தேசிங்கு ராஜனை நினைத்து மீசையைத் தடவாமல் திரும்புவதில்லை. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சிறுபடையுடன் எதிர்த்து, இளமையிலேயே களத்தில் வீழ்ந்தவன் அவன். கதைப்பாடல் அவன் தீரத்தைப் போற்றுகிறது, போற்றட்டும். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்றும் சொல்லப்படுகிறதே! கேட்போர் கண்ணீர் சொரிகின்றனர். வாளெடுத்தவன் அவனாயிருக்க, நெருப்பு அவளுக்கு ஏன் என்று கேட்பாரில்லை. அவள் நினைவாகவே இராணிப்பேட்டை எழுந்ததாம். உயிர் கொடுத்தவளுக்கு ஊர்ப்பெயர்!

அந்த நெருப்பு அணைந்தது, கணக்கு மாறவில்லை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வைப் புரட்டினோம். இந்தியாவில் மணமான பெண்களுள் நூற்றுக்கு 37.9 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.3! தமிழ்நாட்டிலோ பெண்கள் பாதிக்கு மேல். ஆடவர் அங்கும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

ஏன்? ஆண்மை போய்விடுமாம்! விரைகளில் உண்டாகும் விந்தணு இரண்டு மெல்லிய குழாய்கள் வழியே மேலேறுகிறது. அவ்விரண்டையும் துண்டித்து அடைப்பதே அறுவை. ஆண்மைக்குரிய சுரப்புநீரோ இரத்தத்தில் கலப்பது. அதைக் கத்தி தீண்டுவதேயில்லை. விந்துநீரின் பெரும்பகுதியும் வேறு சுரப்பிகளில் ஊறுவது. ஒரு வாய்க்காலை அடைத்தால் ஊர்க்கிணறெல்லாம் வற்றுமா? 1974இல் சீன மருத்துவர் லி ஷுன்சியாங் கண்ட முறையில் கத்திகூட வேண்டா. சிறு துளையே போதும். அன்றே வீடு திரும்பலாம். குழாயில் எஞ்சிய அணுக்கள் வெளியேற ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். சோதனையில் அணு இல்லை என்று உறுதியாகும்வரை ஆணுறை வேண்டும். பெண்ணுக்கோ வயிற்றைத் திறந்தாக வேண்டும்.

"பிறகு பிள்ளை வேண்டுமென்றால்?" என்பது அடுத்த கேள்வி. நுண்ணோக்கியின் கீழ், தலைமயிரினும் மெல்லிய நூலால் குழாய்களை மீண்டும் இணைக்கலாம். 1991இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வின்படி, மூன்றாண்டுக்குள் இணைத்தோருள் நூற்றுக்கு 97 பேருக்கு விந்தணு திரும்பியது. 76 பேரின் துணைவியர் கருவுற்றனர். பதினைந்தாண்டு கடந்தபின் இவை 71, 30 எனச் சரிந்தன. செலவும் திறமையும் மிகுதியாக வேண்டும். ஆகவே அறுவையை நிரந்தரமானது என்று எண்ணியே முடிவெடுக்க வேண்டும். பொய்யுறுதி தந்து ஆள் சேர்ப்பது நம் வேலையன்று. 1976–77இல், நெருக்கடி நிலையின்போது, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடவர்க்கு அறுவை நடந்தது. பலரை இழுத்துச் சென்ற அக்கொடுமையின் அச்சம் இன்னும் ஆறவில்லை என்பதையும் மறைக்கமாட்டோம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். மீட்க முடியுமா என்ற கேள்வி, மனைவியைப் பிரசவப் படுக்கையிலிருந்தே அறுவைக்கு அனுப்பும்போது எங்கே போயிற்று?

நாட்டின் வறுமைக்காகப் பலர் கர்ப்பத்தடை பேசிய நாளில், பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று வாதாடியவர் பெரியார். அவர் படத்தைக் கூடத்தில் மாட்டிவைத்து, "எனக்கு உழைக்கும் உடம்பு, நீயே செய்துகொள்" என்று களத்துமேட்டில் நாளெல்லாம் நெல் தூற்றும் மனைவியிடம் சொன்ன தோழர்களை நாமே அறிவோம்.