பருவத்தின் முதல் கட்டுரை

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கட்டுரை ஏட்டின் முதல் பக்கத்துக்குத் தலைப்பு தயாராக இருக்கும்: ‘கோடை விடுமுறையை நான் கழித்த விதம்’. முன்னுரை, பயண ஏற்பாடு, கண்ட இடங்கள், கற்றவை, முடிவுரை என்று கரும்பலகையில் சட்டகமும் விழுந்துவிடும். சமவெளிப் பள்ளிகளில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. வகுப்பில் சில பேராவது ‘ஊட்டிக்குப் போனோம்’ என்று எழுதிக்கொள்வார்கள். ஊட்டிக்குப் பக்கத்திலேயே, கிளென்மார்கன் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளரும் பிள்ளை எங்கே போனதாக எழுதும்? ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரியில் கொழுந்து மும்முரமாக வரும் காலம். ஊரெல்லாம் விடுமுறைக்கு மலையேறுகிற அதே வாரங்களில்தான் அம்மாவுக்குத் தோட்டத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. ஆகவே பிள்ளை மாமல்லபுரத்துக்குப் போய்வந்ததாக எழுதுகிறது. (பார்க்காத கடலை நம்பும்படி எழுதிவிட்டால், அந்த வகுப்பின் நல்ல எழுத்தாளர் அதுதான் என்பேன். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கடலும் பலகையிலிருந்தே வருகிறது.)

2012-13இல் முப்பருவ முறை வந்தபின், அது உள்ள வகுப்புகளில் இந்தத் தொடக்கம் ஆண்டுக்கு மூன்று முறை. ஜனவரியில் மூன்றாம் பருவம் திறக்கும்போது பொங்கல் கட்டுரை. புதுநெல், கரும்பு, ஏர், காளை எல்லாம் வரிசையாக வரும். கிளென்மார்கனில் நெல்வயலும் இல்லை, கரும்புத் தோட்டமும் இல்லை. ஜனவரிக் காலையில் புல்மேல் உறைபனி கிடக்கும். அந்த நாட்களை ஒட்டி படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் திருவிழா நடக்கிறது. அந்த விழாவுக்குப் போய்வந்த பிள்ளையின் ஏட்டிலும் கரும்புதான் இருக்கும், ஹெத்தை இருக்கமாட்டாள்.

இதைச் சொல்லிச் சட்டகத்தையே தூக்கி எறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் படுக மொழியோ தோட மொழியோ பேசும் பிள்ளைக்கும், தோட்டத்துத் தமிழ் பேசும் பிள்ளைக்கும் எழுத்துத் தமிழ் கொஞ்சம் அந்நியம்தான். எங்கே தொடங்குவது, எங்கே பத்தி பிரிப்பது என்று தெரியாமல் வெள்ளைத் தாளை வெறித்துக்கொண்டிருக்கும் கைக்கு ‘முன்னுரை’ என்ற ஒரு சொல்லே பிடிமானம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி நீலகிரித் தேயிலையில் வேலைக்கு அமர்ந்த குடும்பங்களில், அலுவலகத்துக்கு ஒழுங்காக மனு எழுதத் தெரிந்த பிள்ளைக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அந்த ஒழுங்கைக் கட்டுரை ஏடு கற்றுத் தருகிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளிலும் குறிப்புகளைக் கொண்டு எழுதும் கட்டுரைக்கு 8 மதிப்பெண். அதை அலட்சியம் செய்யச் சொல்வது, வேறு வழியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் சொகுசு.

கோளாறு சட்டகத்தில் இல்லை, அது வரும் நேரத்தில் இருக்கிறது. பிள்ளை ஒரு வரி யோசிப்பதற்கு முன்பே மாதிரிக் கட்டுரை பலகையில் நிறைந்துவிடுகிறது. பிறகு எழுதுவது என்பது பார்த்து எழுதுவது. திருத்தமும் அப்படியே: விட்டுப்போன ஒற்றுக்குச் சிவப்பு மையில் சுழி, உட்தலைப்புக்கு அடிக்கோடு இல்லையென்றால் ஒரு கோடு, கீழே கையெழுத்து, தேதி. மாமல்லபுரத்தில் என்ன பார்த்தாய் என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதப்பட்ட ஏடு அபூர்வம். பாடநூல் விட்டுவைத்த ஒரு சின்ன சன்னலான ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ பகுதிக்குக்கூட, எந்தப் படம் வந்தாலும் பொருந்தும் மனப்பாடக் கவிதை கைவசம் இருக்கிறது. காட்சியைக் காணவே வேண்டாம்.

இத்தாலியில் பார்பியானா என்ற மலைச் சிற்றூரில் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் நடத்திய பள்ளியில் வரிசை நேர்மாறாக இருந்தது. மாணவர்கள் தோன்றியதையெல்லாம் துண்டுச் சீட்டுகளில் எழுதினார்கள். பிறகு மேசையில் பரப்பி, ஒன்றுபோல் இருப்பதைச் சேர்த்து, திரும்ப வருவதை நீக்கி, வரிசைப்படுத்தினார்கள். சட்டகம் கடைசியில் கிடைத்தது. எட்டு மாணவர்கள் இப்படிச் சேர்ந்து எழுதிய நூல் 1967இல் வந்தது. தமிழில் அது ‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’

துண்டுச் சீட்டு முறை கிளென்மார்கனில் என்ன கொண்டுவரும்? அணையிலிருந்து சிங்காரா மின்நிலையத்துக்குச் சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்கள், பக்கத்திலேயே மின்வாரிய ஊழியர்களை ஏற்றி இறக்கும் வின்ச். 1932இல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய பைக்காரா திட்டத்தின் ஒரு பகுதி பிள்ளைகளின் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. வின்ச்சில் வேலைக்குப் போகும் அப்பா என்ன சொன்னார் என்று நாலு சீட்டு எழுதியபின் ‘மின்சாரத்தின் பயன்கள்’ என்ற தலைப்பைக் கொடுத்துப் பார்க்கலாம்.

ஆனால் ‘மனதில் தோன்றியதை எழுது’ என்பதிலும் ஆபத்து உண்டு. குடித்துவிட்டு வந்த அப்பாவை, கட்டாத கடனைப் பிள்ளை எழுதிவிடும். ‘எவ்வளவு உருக்கமாக எழுதியிருக்கிறாள், பாருங்கள்’ என்று ஆசிரியர் அதை வகுப்பில் உரக்கப் படித்துவிட்டால் அந்தப் பிள்ளை மறுபடி உண்மையை எழுதாது. முதல் சீட்டுகள் எழுதியவருக்கு மட்டும் சொந்தம். எதை வெளியே விடுவதென்று அவரே முடிவு செய்யட்டும். அவற்றுக்கு மதிப்பெண்ணும் வேண்டாம், சிவப்பு மையும் வேண்டாம். சட்டகத்தை ஜூலையில் கொடுத்தால் போதும்.

இதற்கு ஆசிரியர்களைவிடப் பெரிய தடை ஆய்வு. ஆய்வுக்கு வரும் அலுவலர் பார்ப்பது ஏட்டில் எத்தனை கட்டுரை, எத்தனை கையெழுத்து என்பதை. ஜூன் மாதப் பக்கத்தில் திருத்தாத சீட்டுகள் ஒட்டியிருந்தால் விளக்கம் கேட்பார். அந்த விளக்கத்தை ஆசிரியர் தனியாகச் சொல்ல வேண்டியிராதபடி, முதல் இரண்டு வாரச் சீட்டுகளையும் கட்டுரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று மாவட்ட அளவில் ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும்.