பாதத்தைப் பிடிக்கும் பட்டை

பாய்மரப் பந்தயத்தில் எல்லோருடைய கண்ணும் பாயின் மேல்தான். ஆனால் வீரரைப் படகில் தக்கவைப்பது அதன் தரையில் நீளவாக்கில் ஓடும் ஒரு நெய்த பட்டை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டிய லேசர் ரேடியல் போன்ற ஒற்றை ஆள் படகில் ஒரு கை சுக்கான் பிடியிலும் மறு கை பாய்க்கயிற்றிலும் இருக்கும். காற்று படகைச் சாய்க்க, வீரர் விளிம்பில் அமர்ந்து தண்ணீருக்கு மேலே மல்லாந்து சாய்கிறார். தொடை நடுங்குகிறது, அலை முதுகை உரசிச் சலசலக்கிறது. பிடிமானம் பாதங்களுக்கு மட்டுமே. திசை மாறும்போது அவர் குனிந்து மறுபக்கம் தாவியதும், கீழே பாராமலே பாதம் பட்டைக்குள் நுழைந்துவிடும். அதற்காகவே ஓர் இரப்பர் கயிறு பட்டையைத் தரையில் ஒட்டாமல் தூக்கி வைத்திருக்கிறது.

உயிர்காப்பு அங்கி இருக்க இந்தப் பட்டை வேகத்துக்கான ஏற்பாடுதானே என்று கேட்கலாம். அங்கி மிதக்க வைக்கும். ஆனால் ஆளில்லாப் படகு கவிழாமல் நின்றால், நீந்துபவரை முந்திக் காற்றோடு விலகிவிடக்கூடும். கவிழ்ந்தால் கால் சிக்காதா என்ற பயமும் நியாயமானதே. ஆனால் பட்டை காலைக் கட்டுவதில்லை. பாதத்தை மடக்கினால் பிடிக்கும், விரல்களை நீட்டினால் வழுக்கி விட்டுவிடும். பட்டையைப் படகோடு பிணைக்கும் கட்டுக்கயிறு தேயும் இடத்தைக் கரையிலேயே விரலால் தடவி, ஒருமுறை வலுவாக இழுத்துப் பார்க்கும் பொறுமையும் பந்தயத் திறமையில் சேர்த்திதான்.