தோல் கவசமும் கெடாத ஆறும்

கற்பனை உலகக் கணினி விளையாட்டுகளில் வீரன் முதலில் அணிவது பெரும்பாலும் தோல் கவசம்தான். 2011இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் அதற்கான தோலை நாமே பதனிடலாம். வேட்டையில் கிடைத்த பச்சைத் தோலை மரச்சட்டத்துக்குக் கொண்டுபோனால் போதும், அடுத்த நொடியே பக்குவப்பட்ட தோல் கைக்கு வந்துவிடும். உப்பு இல்லை, சுண்ணாம்புத் தொட்டி இல்லை, குரோம் இல்லை, கழிவுநீரும் இல்லை. இதில் விடுபட்டது எது என்று தோல் ஆலை ஊர்களான ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியைச் சேர்ந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேலை நொடியில் முடிவதை நான் குறை சொல்லவில்லை. விளையாட்டுக்கு அந்த வேகம் வேண்டும். என் குறை அந்த உலகத்தின் அறக்கணக்கைப் பற்றியது. ஸ்கைரிமின் ஒன்பது வட்டாரங்களிலும் தனித்தனிக் குற்றப்பதிவு உண்டு. திருட்டை யாரும் பார்க்காவிட்டால் பதிவே இல்லை. பார்த்தவர்கள் எல்லாரையும் கொன்றுவிட்டால், பதிவானதும் அழிந்துபோகும். பிடிபட்டாலும் காவலனிடம் பொன் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம். 2004இல் வந்த ‘ஃபேபிள்’ இன்னும் வெளிப்படையானது. அதில் தீமை மிகுந்தால் தலையில் கொம்பு முளைக்கும், நன்மை மிகுந்தால் ஒளிவட்டம் தோன்றும். கோயிலில் பொன்னைக் கொட்டினால் நன்மைக் கணக்கு ஏறும். யாருக்குத் தீங்கு நேர்ந்ததோ அவருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி இரண்டிலும் எழுவதில்லை.

இதே கேள்விக்கான விடை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பாக எழுதப்பட்டது. தோல் ஆலை மாசு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் அமர்வு ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. ஆனால் அதோடு கணக்கை முடிக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும், கெட்டுப்போன மண்ணையும் நீரையும் மீட்கும் செலவையும் மாசுபடுத்தியவரே ஏற்க வேண்டும் என்றது. பணம் கட்டினால் பாவம் தீர்ந்தது என்ற ஃபேபிளின் விதியை மறுக்கும் வாதம் இதைவிடத் தெளிவாக எனக்குக் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியிலும் வேலூர்ப் பகுதித் தோல் ஆலை மாசு குறித்து அதே நீதிமன்றம் மறுபடி ஆணையிட வேண்டியிருந்தது. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் குரோமியம் ரசாயனம் தயாரித்த ஆலை 1990களில் மூடப்பட்டது. ஆலை போனது, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. செய்தவன் ஆட்டத்தைவிட்டு விலகிய பிறகும் கணக்கு நிலத்தில் மிஞ்சுகிறது. அறத்தைக் காட்ட விரும்பும் விளையாட்டு பிடிக்க வேண்டிய இயல்பு இதுதான்.

இந்த அளவுகோலில் 1985இல் ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய ‘அல்டிமா 4’ உயர்ந்து நிற்கிறது. நேர்மை, கருணை, பணிவு உட்பட எட்டு நற்குணங்களில் தேர்வதே அதன் இலக்கு. வெட்டி வீழ்த்த ஓர் இறுதி அரக்கன் கிடையாது. மந்திரப் பொருள் விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. எவ்வளவு காசு வைக்கிறோம் என்பது நம் கையில். குறைத்து வைத்தால் அப்போது ஒன்றும் நடக்காது. ஆனால் நேர்மைக் கணக்கு மறைவாகச் சரியும், பின்னால் பாதை அடைபடும். தண்டனை தாமதமாகவும் ஓசையின்றியும் வருவதை நாற்பது ஆண்டுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். ஆனால் அங்கும் கணக்கு வீரனின் உள்ளத்தில்தான் இருக்கிறது. ஏமாற்றப்பட்ட பெண் ஏழையாவதில்லை. அடுத்த முறையும் அதே கடையில் அதே சரக்கோடு நிற்கிறாள்.

உலகத்தையே மாற்றியமைக்க விடும் விளையாட்டுகளில் நான் மதிப்பது ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்’. ஆடம்ஸ் சகோதரர்கள் 2006 முதல் வெளியிட்டு வளர்த்துவருவது. மரம் வெட்டுவது, பொய் சொல்வது, கொன்ற பகைவனைத் தின்பது ஆகியவற்றை எந்த இனம் எப்படிப் பார்க்கிறது என்பதெல்லாம் திருத்தக்கூடிய எழுத்துக் கோப்புகளில் இருக்கிறது. மரம் வெட்டினால் கொதித்தெழும் எல்ஃப் இனத்தாருக்குப் பகைவனைத் தின்பது தவறாகத் தோன்றாது. இந்த வேறுபாடுகளால் போர்கள் மூண்டு, விளையாட்டு தொடங்குமுன்பே நூற்றாண்டுக் கணக்கில் வரலாறு உருவாகிவிடுகிறது. அறத்தை ஒரே கோட்டில் நிறுத்தாத இந்தத் துணிவு வேறெங்கும் அரிது. என்றாலும், இதன் தோல் பட்டறையும் தண்ணீரைக் கெடுப்பதில்லை.

விளைவு தாமதமாக வந்தால், எதற்காகத் தண்டிக்கப்படுகிறோம் என்று ஆடுபவருக்கே தெரியாமல் போகும் என்பார்கள். வலுவான மறுப்புதான். பரமபதத்தில் பாம்பு கொத்தியதும் கீழே இறங்குகிறோம், குழப்பமில்லை. ஆனால் அங்கே கட்டத்தைத் தேர்வது தாயக்கட்டை, நாமல்ல. தேர்வு நம்முடையதாக இருக்கும்போது தெளிவைக் கொடுக்கப் புள்ளிப்பலகை தேவையில்லை, அடையாளங்கள் போதும்: கிணற்று நீர் கரிக்கத் தொடங்குவது, கீழூர்க் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது, நெல் வியாபாரி வராமல் போவது.

ஆகவே என் தீர்ப்பு கொம்புக்கும் ஒளிவட்டத்துக்கும் எதிரானது. எந்த இனம் எதைப் பாவமென்று கருதுகிறது என்பதை ஆடுபவர் விருப்பம்போல மாற்றட்டும். அந்த உரிமை முழுமையாகவே இருக்கட்டும். தண்ணீர் கீழ்நோக்கி ஓடும் என்பதையும், ஓடியது கீழூர்க் கிணற்றில் சேரும் என்பதையும் மட்டும் திருத்தும் கோப்புகளுக்கு வெளியே வைக்க வேண்டும்.