யாருமற்ற ஆறு

ஒகவாங்கோ கடலைச் சேராத ஆறு. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பிறந்து, நமீபியாவின் ஒடுங்கிய துண்டொன்றைக் கடந்து, பொட்ஸ்வானாவின் கலகாரி மணலில் விசிறிபோல் விரிந்து அங்கேயே முடிந்துவிடுகிறது. மழை பெய்வது அங்கோலாவில். அந்த வெள்ளம் மாதக்கணக்கில் ஊர்ந்து கீழே வந்து சேரும்போது பொட்ஸ்வானாவில் வறட்சிக்காலம். யானைகள் அங்கு வந்து குவிவது அதனால்தான். பணமுள்ள வெள்ளைக்காரப் பயணிகள் குவிவதும் அதனால்தான். 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஆயிரமாவது இடமாக இந்தச் சதுப்புநிலம் சேர்க்கப்பட்டது.

நீல் ஜெலினாஸ் நஷனல் ஜியோகிரபிக்குக்காக எடுத்து 2018இல் வெளிவந்த 'இன்ரு த ஒகவாங்கோ' இந்த ஆற்றின் முழு நீளத்தையும் காட்டும் விவரணப்படம். 2015இல் ஒரு குழு மொகோரோ எனப்படும் ஒடுங்கிய வள்ளங்களில் நான்கு மாதங்கள், ஏறத்தாழ 2,400 கிலோமீற்றர் பயணம் செய்தது. தென்னாபிரிக்க உயிரியலாளர் ஸ்டீவ் பொயஸ், அங்கோலாவைச் சேர்ந்த மீனியல் ஆய்வாளர் அஜானி கொஸ்தா, பொட்ஸ்வானாவின் வள்ளமோட்டி துமெலெட்சோ செட்லாபோஷா ஆகிய மூவரையும் சுற்றிப் படம் நகர்கிறது. ஊற்றுக்கண்ணில் தண்ணீர் காணாமல், புல்லுக்கும் சேற்றுக்கும் மேலாக வள்ளங்களை நாட்கணக்கில் இழுத்துச் செல்லும் பகுதி அருமையானது. அங்கே கமரா அழகைத் தேடுவதை விட்டுவிட்டு உழைப்பைப் பார்க்கிறது.

பிரச்சினை வேறிடத்தில். மனிதர் கால்படாத நிலம், இதுவரை அறியப்படாத நிலம் என்ற மயக்கம் இந்தப் படத்தை மட்டும் பிடித்ததல்ல. இவ்வகைப் படங்கள் எல்லாவற்றிலும் உண்டு. யாருக்கு அறியப்படாதது? அந்த ஊற்று நிலத்துக்கு லுச்சாசி மக்கள் 'லிசிமா ல்யா ம்வோனோ', உயிரின் ஊற்று, என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வெளியார் அங்கு போகாததற்குக் காரணம் இயற்கையின் கன்னிமையல்ல. 1975 முதல் 2002 வரை நீடித்த உள்நாட்டுப் போரும் அது விதைத்துவிட்டுப்போன கண்ணிவெடிகளும்தான். ஹலோ ட்ரஸ்ட் என்ற கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்தினர் வழிகாட்டித்தான் இந்தக் குழுவே ஊற்றை அடைந்தது. (முகமாலையில் வெடி கிளறியவர்களும் இவர்கள்தான். எம்மவருக்குப் பெயர் பழக்கமானது.)

அங்கோலாப் பகுதியில் விலங்குகளைக் காணவில்லையே என்று பொயஸ் துயரப்படுகிறார். நியாயமான துயரந்தான். ஆனால் அந்த வெறுமைக்கு ஒரு கணக்கு உண்டு. யுனிற்றா இயக்கத்தின் யானைத்தந்தம் தென்னாபிரிக்க இராணுவத்தின் உதவியோடு வெளியே போனதை 1996இல் தென்னாபிரிக்காவின் கும்லேபன் ஆணைக்குழுவே உறுதிசெய்தது. பசித்த கிராமத்தான் சுட்ட மானை மாத்திரம் பார்த்துக் கலங்குகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும்.

கீழே, சொர்க்கம்போலக் காட்டப்படும் பொட்ஸ்வானாப் பகுதிக்கும் ஒரு பழங்கதை இருக்கிறது. 1963இல் பட்டவானா மக்கள் தாமாகவே மொறேமி சரணாலயத்தை அமைத்தார்கள் என்பது பெருமையோடு சொல்லப்படுவது. அதற்குள் வாழ்ந்திருந்த புகக்வே மக்கள் வெளியேற்றப்பட்டு ஆற்றின் மறுகரையில், குவாய்க் கிராமத்தில், இருக்கவேண்டி வந்தது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு ஓடியவர்களில் எத்தனையோ பேர் இதை வாசிக்கக்கூடும். இராணுவ வேலிக்குப் பின்னால் எங்கள் வளவுகளில் பற்றை மூடியிருந்த அந்த ஆண்டுகளில் ஒரு நல்ல கமராக்காரன் உள்ளே போயிருந்தால், பறவைகளையும் பச்சையையும் கண்டு வியந்திருப்பான். கிணற்றடியில் யார் குளித்தார்கள் என்று அந்தப் படம் கேட்டிருக்குமா?

படத்தில் எனக்குப் பிடித்த மனிதர் செட்லாபோஷா. ஆற்றைப் பாதுகாப்பது பற்றி நிறையப் பேசுகிறவர் அவரல்ல. கோலை ஊன்றி நிற்கும்போது தண்ணீரின் ஆழமும் நீர்யானை கிடக்கும் இடமும் அவர் முகத்தில் தெரிகிறது. அவரை மையமாக வைத்து இன்னொரு படம் எடுத்திருக்கலாம். அதில் அங்கோலாவின் ஊற்றுக் கிராமத்தவர்களும் வழிப்போக்கர்களாக அல்லாமல் வீட்டுக்காரர்களாக வந்திருப்பார்கள்.

2019இல் அங்கோலா அரசு, இந்த ஆற்றின் தலைப்பகுதியிலுள்ள மாவிங்கா, லுவெங்கே-லுயானா தேசியப் பூங்காக்களில் வெடி அகற்ற 60 மில்லியன் டொலர் தருவதாக அறிவித்தது. யானைகள் திரும்பிவரும், பயணிகள் வருவார்கள் என்பது எதிர்பார்ப்பு. அடுத்த படத்தை எடுக்கப்போகிறவர், அந்த நிலத்தில் முன்பு வயல் செய்தவர்கள் யார் யாரென்று முதலில் ஒரு பட்டியல் எடுத்துக்கொண்டு போகட்டும்.