ஓடிடிக்கு வந்த பகல்நேரத் தொடர்: எப்படி ரசிப்பது?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் திங்கள் முதல் வெள்ளி வரை பகல் வேளையில், வீட்டிலிருப்போருக்கென்றே ஒளிபரப்பாகி வந்த நெடுந்தொடர்களுக்கு, வானொலிக் காலத்தில் அவற்றின் செலவை ஏற்ற சோப்பு நிறுவனங்களின் காரணமாக 'சோப் ஓபரா' என்னும் பெயர் நிலைத்தது. அவற்றுள், சேலம் என்னும் கற்பனை அமெரிக்க ஊரில் நிகழும் 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' 1965 நவம்பர் 8 அன்று என்.பி.சி. அலைவரிசையில் தொடங்கி, ஏறத்தாழ 57 ஆண்டுகள் அங்கேயே ஓடி, 2022 செப்டம்பர் 12 முதல் அதே குழுமத்தின் 'பீகாக்' ஓடிடி தளத்துக்கு, அதாவது இணையவழியே விரும்பிய நேரத்தில் பார்க்கத்தக்க சந்தாச் சேவைக்கு, முற்றிலுமாக இடம்பெயர்ந்தது. கடிகாரத்துக்கும் விளம்பரத்துக்கும் கட்டுப்பட்டு உருவான ஒரு கலைவடிவம், அவ்விரண்டின் பிடியும் தளர்ந்த இடத்தில் எதைக் காத்துக்கொள்கிறது என்பதே இத்தொடரை ரசிக்க முனைவோர் முதலில் கவனிக்க வேண்டியதாகும்.

ஒவ்வொரு அத்தியாயமும் விளம்பர இடைவேளைகளுக்கு ஏற்பப் பல பகுதிகளாக எழுதப்படுவதால், பகுதியின் முடிவில் ஒருவர் அதிர்ச்சியான ஒன்றைச் சொல்ல, கேட்டவரின் முகத்தில் கேமரா சில நொடிகள் நிலைத்து நிற்பது வழக்கம். விளம்பரமில்லாச் சந்தாவில் பார்ப்பவருக்கு அடுத்த காட்சி உடனே வந்துவிடுவதால், அந்த நிறுத்தம் மிகைநடிப்பாகத் தோன்றக்கூடும். ஆனால் வசனம் ஏதுமின்றி, பாத்திரம் பொய் சொல்லத் துணிகிறதா, பழையதை நினைக்கிறதா, மன்னிக்கத் தொடங்குகிறதா என்பதை முகத்தாலேயே உணர்த்த வேண்டிய அந்த நொடிகளில்தான், நாளொன்றுக்குப் பக்கம் பக்கமாக வசனம் மனப்பாடம் செய்து, மறுபடப்பிடிப்புக்கு அதிக வாய்ப்பின்றி நடிக்கும் இந்நடிகர்களின் தேர்ச்சி முழுமையாக வெளிப்படுகிறது.

ஒரே செய்தி ஒரு வாரத்தில் நான்கைந்து பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதும் புதியவர்களுக்குச் சலிப்பூட்டும். நேற்றைய அத்தியாயத்தைத் தவறவிட்டவர் அதை மீண்டும் காண வழியில்லாத காலத்தில், இந்தக் கூறியது கூறல் ஒரு தேவையாக இருந்தது. தவறவிட்டதை எப்போதும் பார்த்துக்கொள்ளலாம் என்றான பின் அத்தேவை மறைந்துவிட, கேட்பவர் ஒவ்வொருவரும் அச்செய்தியை எப்படித் தாங்குகிறார் என்னும் நாடகத் தேவை மட்டும் எஞ்சுகிறது. ஆகவே வெறும் நிரப்பல் எது, உண்மையான நாடகம் எது என்று பிரித்தறிய இன்றைய பார்வையாளருக்கு முன்பைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்கிறது.

பார்க்கும் வேகமும் ரசனையின் ஒரு பகுதியே. கதையின் ஒரே நாள் பல அத்தியாயங்களுக்கு நீளக்கூடிய இவ்வடிவத்தை மொத்தமாக ஒரே மூச்சில் பார்ப்பது அதைச் சிதைத்துவிடும். 'ஆல் மை சில்ட்ரன்', 'ஒன் லைஃப் டு லிவ்' ஆகிய இரண்டும் ஏ.பி.சி.யில் முடிந்த பின், 2013 ஏப்ரல் 29 அன்று அரைமணி நேரத் தொடர்களாக இணையத்தில் மறுபிறவி எடுத்தன. பார்வையாளர்கள் அத்தியாயங்களைச் சேர்த்துவைத்துப் பார்த்ததால், சில வாரங்களிலேயே அவற்றின் வெளியீடு வாரத்துக்கு இரண்டாகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டே முயற்சியும் நின்றது. பீகாக் தளமோ வார நாளுக்கு ஒன்று என்னும் பழைய ஒழுங்கையே கைக்கொண்டது. பார்வையாளரும் நாளுக்கு ஒன்றாகவே பார்ப்பது நல்லது. வெள்ளிக்கிழமைத் திருப்பத்தின் கூர்மை, இரண்டு நாள் காத்திருப்பவருக்கே புலப்படும்.

இவ்வடிவத்தின் ஈடற்ற செல்வம், பாத்திரமும் நடிகரும் சேர்ந்தே முதுமை எய்துவதாகும். 1968 முதல் ஜூலியாக நடித்துவரும் சூசன் சீஃபோர்த் ஹேஸும், டக் என்னும் பாத்திரத்தை ஏற்ற பில் ஹேஸும் தொடரில் காதலர்களாகிப் பின் 1974இல் உண்மையிலேயே மணந்துகொண்டவர்கள். 1976 ஜனவரியில் 'டைம்' இதழின் அட்டையிலும் இடம்பெற்றவர்கள். பில் ஹேஸ் 2024 ஜனவரியில் காலமானார். படப்பிடிப்பு பல மாதங்கள் முன்கூட்டியே நடப்பதால், டக்கின் மரணம் திரையை எட்டியது டிசம்பரில்தான். கணவனை இழந்த ஜூலியாகக் கணவரை இழந்த சூசனே நடிக்கும் அக்காட்சிகளில், நடிப்புக்கும் வாழ்வுக்கும் இடையிலான எல்லையைப் பார்வையாளர் தேடத் தேவையில்லை. அரை நூற்றாண்டு நினைவு முழுவதும் அங்கே திரண்டு நிற்கிறது. பத்து அத்தியாயங்களில் முடியும் ஓடிடிப் புதுவரவு எதுவும், எத்தனை சிறப்பாக எடுக்கப்பட்டாலும், இதனை எட்ட இயலாது.

இழப்பையும் மறைக்கலாகாது. ஆண்டெனா ஒன்றைக்கொண்டு இலவசமாகப் பார்த்துவந்த முதியோர், இத்தொடரின் மிக உறுதியான ரசிகர்கள், சந்தாவும் இணைய இணைப்பும் இல்லாமல் வெளியே நிறுத்தப்பட்டது அநீதியே.

எனினும் ஓடிடிக்குப் போவது மட்டுமே ஒரே வழியன்று. 2025 பிப்ரவரி 24 அன்று சி.பி.எஸ். அலைவரிசை, செல்வமிக்க கறுப்பினக் குடும்பமொன்றை மையமாக்கி 'பியாண்ட் தி கேட்ஸ்' என்னும் தொடரைத் தொடங்கியது. 1999இன் 'பேஷன்ஸ்' தொடருக்குப் பின் அமெரிக்காவின் பெரிய அலைவரிசைகளில் பிறந்த முதல் புதிய பகல்நேரத் தொடர் இதுவே. தொடக்கத்திலிருந்தே பார்க்க விரும்புவோர் இதனைத் தேர்ந்தெடுக்கலாம். 15,000 அத்தியாயங்களைக் கடந்துவிட்ட 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' தொடரை நாடுவோர் முதல் அத்தியாயத்தைத் தேடாமல், இன்று வெளியானதிலிருந்தே தொடங்கி, ஒரு குடும்பத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு வாரங்கள் பொறுமையாகப் பின்தொடர்ந்தால், முன்கதையைப் பாத்திரங்களே சொல்லிவிடும்.