உரூசோ கண்ட உரோமர் பாலம்

1737 ஆம் ஆண்டில், தமது 25 ஆம் வயதில், தென்பிரான்சிலே பயணஞ்செய்த உரூசோ, நீம் நகருக்கு அண்மையிலுள்ள ‘பொன் து கார்’ என்னும் உரோமர் பாலத்தைக் கண்டார். அத்திப்பழங்களாற் காலையுணவை முடித்து, வழிகாட்டி ஒருவனுடன் புறப்பட்டவர் பெரிதும் எதிர்பார்த்தே சென்றார். கண்டதோ அவ்வெதிர்பார்ப்பையும் விஞ்சியது.

அவர் மறைந்தபின், 1782 இல் வெளிவந்த ‘ஒப்புதல்கள்’ என்னும் சுயசரிதையின் ஆறாம் பகுதியில் இக்காட்சி வருகின்றது. அங்கே வியப்பு படிப்படியாக வளர்கின்றது. முதலிற் கண் வியக்கின்றது. பின்னர், மூன்றடுக்கு வளைவுகளின் கீழ் நடக்கையில், தம் காலடியோசையின் எதிரொலி அவற்றைக் கட்டியோரின் குரலெனச் செவியில் விழுகின்றது. பூச்சிபோலச் சிறுத்த நிலையிலும் தம் உள்ளம் உயர்வதை அவர் உணர்கின்றார். உரோமராய்ப் பிறவாமையை எண்ணிப் பெருமூச்செறிகின்றார். இப்பகுதியின் உயிர் அவ்வெதிரொலியே.

ஆயினும், கற்குழிகளுக்கு நெடுந்தொலைவிலுள்ள இடத்துக்கு இத்துணைப் பெருங்கற்கள் எவ்வாறு வந்தனவென அவர் வியந்தது பிழை. கற்கள் வெட்டப்பட்ட இடம் ஆற்றோரத்தில் அருகிலேயே உள்ளது. மெய்யான அருஞ்செயல் வேறொன்று. ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளமான கால்வாயில், மொத்தம் 12 மீற்றரளவு சரிவை மட்டுங்கொண்டு, நீர் நீம் நகரை அடைந்தது. பாலம் நீர்க்கால்வாயே என்பதை உரூசோ அறிவார். அறிந்தும் ஒரு தொடரில் அதனைக் கடந்துவிடுகின்றார்.

பின்னர் நீம் நகரத்து உரோமர் அரங்கைக் கண்டபோது அத்தகைய வியப்பு எழவில்லை. அதனைச் சிறு வீடுகள் நெருக்கிச் சூழ்ந்திருந்தன. பாலத்தருகே அவரை ஆட்கொண்டதிற் பாதி, அவ்விடத்தின் தனிமையே.